உபயமா வந்த ஸ்டெப்னி

1. காத்துப் போன டயரும் செபஸ்தியும்

ஷட்டரைத் தூக்கி, கம்ப்ரஸரைப் போட்டுவிட்டுட்டு அப்பத்தான் உக்காந்தேன். செபஸ்தி ஒரு டயரை ரிம்மோட இழுத்துக்கிட்டு கடைக்குள்ள வந்தான். என் முன்னால அதைப் படுக்கப் போட்டுட்டு மூச்சு வாங்க நின்னான்.

"யக்கா, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. நான் குடிச்சுட்டு ஓட்டுனேன்னு ஸ்டாண்டு பூராம் பேசுறாய்ங்க. வரிசையில நிக்கக் கூடாதுன்னுட்டாய்ங்க."

எனக்கு அங்கேயே சுர்ருனு ஏறிருச்சு. செபஸ்தி பண்ணைக்காட்டுல ஷேர் வண்டி ஓட்டுறவன். ஓசியில டீ வாங்கிக் குடுத்தாக்கூட ரெண்டாவது கிளாஸ் குடிக்க மாட்டான். மலை வண்டி ஸ்டாண்டுல வரிசைதான் சோறு. முன்னால நிக்கிற வண்டி நிறைஞ்சு கிளம்புனாத்தான் அடுத்த வண்டில ஆள் ஏறும். வரிசையில நிக்காதன்னு ஒருத்தனைச் சொல்றது, வீட்டு அடுப்புல தண்ணி ஊத்துற மாதிரி.

என் பேரு தங்கம். வத்தலக்குண்டுல, மலை ஏறுற ரோட்டோரம் இருக்கிற ஒரு டயர் கடையில பில்லு போடச் சேந்தவ. பில்லு போட்டுக்கிட்டே ஃபிட்டிங், பேலன்ஸிங், அலைன்மென்ட்டு எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். முழங்கால் மக்கர் பண்ணவும் இப்ப வேலையை விட்டாச்சு. டயர் கடைக்குப் புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைகளுக்காக இதை எழுதுறேன். கோபமில்லாம எழுதணும்னுதான் பாத்தேன். முடியல.

2. "ஆம்பளை யாரும் இல்லையா?"

செபஸ்தி கொண்டாந்த டயரைப் பத்திச் சொல்லணும்னா, அதுக்குக் கொஞ்ச மாசம் முன்னாடி கடைக்கு வந்த ராசாங்கத்தைப் பத்திச் சொல்லியாகணும். அவருதான் ஸ்டாண்டு தலைவர். வெள்ளை வேட்டி, கூலிங் கிளாஸ். சொந்தமா வண்டி வச்சு டூரிஸ்ட் ஆளுகளைக் கொடைக்கானலுக்கு ஏத்திட்டுப் போறவரு. உள்ள வந்ததும் என்னைப் பாத்துட்டு அங்கிட்டும் இங்கிட்டும் தேடுனாரு.

"ஏம்மா, ஆம்பளை யாரும் இல்லையா?"

"இருக்காங்க, டீ குடிக்கப் போயிருக்காங்க. டயர் வேணும்னா என்கிட்டக் கேளுங்க. டீ வேணும்னா அங்க போங்க."

மூஞ்சி சுண்டிப்போச்சு. இருந்தாலும் சொன்னாரு. வண்டி பாக்க எடுப்பா இல்லையாம். டூரிஸ்ட் பார்ட்டி வண்டியப் பாத்துத்தான் ஏறுறானாம். அதனால டயரைப் பெருசாக்கணுமாம்.

அந்த ஸ்டாண்டுல ஓடுற அத்தனையும் ஒரே மாதிரி வண்டி. கம்பெனி குடுத்த அளவு 215/75 R15. புதுசா வர்ற பிள்ளைகளுக்காக ஒரு தடவை சொல்லிர்றேன். 215ங்கிறது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. 75ங்கிறது சைடுவால் உயரம், அந்த அகலத்துல நூத்துக்கு எழுபத்தஞ்சு பங்கு. 15ங்கிறது ரிம்மு, இஞ்சுக் கணக்கு. இதுக்குப் பக்கத்துலயே இன்னொரு நம்பர் இருக்கும், அந்த டயர் எவ்வளவு பாரம் தாங்கும்னு. டிரைவர் கதவைத் திறந்தா ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்லயும் அளவு இருக்கும். அதைப் பாக்காம எவன் என்ன சொன்னாலும் டயரைக் கழட்டாதீங்க.

ராசாங்கம் கேட்டது 235/75 R15. ரிம்மு அதேதான், போல்ட்டும் அதேதான். ஆனா அகலம் கூடுனா, அந்தப் பங்குக் கணக்குல சைடுவாலும் சேந்து கூடும். மொத்தத்துல டயரே மூணு சென்டிமீட்டர் ஒசந்து நிக்கும். அளவு மாத்துனாலும் டயரோட ஒசரம் நூத்துக்கு மூணு பங்குக்கு மேல மாறக் கூடாதுன்னு எங்க தொழில்ல ஒரு கணக்கு உண்டு. இது அதைத் தாண்டுது.

"வேணாங்க. வளைவுல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் உள்ள உரசும். ஸ்பீடு மீட்டர் கொறச்சுக் காட்டும். அதோட, வண்டிக்கு அடியில ஸ்டெப்னி மாட்டுற தொட்டில்ல இது ஏறவே ஏறாது"ன்னு சொன்னேன்.

"நீ என்னம்மா வண்டியப் பெத்தவ மாதிரி பேசுற? போல்ட்டு உக்காந்தாப் போச்சு. டயரை எடு."

"எடுக்க மாட்டேன்."

முதலாளி டீக்கடையில இருந்து வந்து தலைதலையா அடிச்சுக்கிட்டாரு. தேடி வந்த யாவாரத்தை வாசல்ல நிறுத்தித் திருப்பி விட்டுட்டேனாம். ராசாங்கம் போயி மதுரைப் பக்கம் ஏதோ ஒரு கடையில அஞ்சு டயரையும் போட்டுக்கிட்டாரு. அந்தக் கடைக்காரன் சமதரையில வெறும் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டி, "உரசல பாருங்க"ன்னு சொல்லியிருக்கான். சமதரையில வெறும் வண்டி எப்படிய்யா உரசும்? நம்ம மலையில எட்டு ஆளு உள்ள, வாழைத்தாரு மேல, ஸ்பிரிங்கு அமுங்கி, கொண்டைஊசி வளைவுல ஸ்டியரிங்கு கடைசி வரைக்கும் ஒடிச்சு எறங்குற வண்டியில பாக்கணும் அதை.

அவரு வண்டியிலயே உரசத்தான் செஞ்சுச்சு. சும்மா விடுவாரா? மட்கார்டுக்குள்ள இருந்த பிளாஸ்டிக்கை அறுத்து எறிஞ்சாரு, முன் ஸ்பிரிங்கைத் தூக்கி விட்டாரு. அதோட சரியாப்போச்சு அவருக்கு. அஞ்சாவது டயர் மட்டும் நான் சொன்ன மாதிரியே அடித் தொட்டில்ல ஏறல. வேற ரிம்மு ஒண்ணு வாங்கி, பழைய டயரையே ஸ்டெப்னியா மாட்டிக்கிட்டாரு. புதுப் பெரிய டயர் ஒண்ணு ரிம்மோட வீட்டுல சும்மா கெடந்துச்சு.

அதை என்ன பண்ணாரு தெரியுமா? தானம் பண்ணாரு.

3. மேட்டுக்கடை

பண்ணைக்காட்டுக்குப் போற வழியில ஒரு வளைவுல டீக்கடை ஒண்ணு இருக்கு. மேட்டுக்கடைம்போம். ஸ்டாண்டு ஆளுக சேந்து அங்க சுவத்துல ஆணி அடிச்சு மூணு ஸ்டெப்னி தொங்க விட்டிருந்தாங்க. யாருக்குப் பஞ்சர் ஆனாலும், கையில இருக்கிற ஸ்டெப்னியும் போயிருச்சுன்னா, ஒண்ணை எடுத்து மாட்டிக்கலாம். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணித் திருப்பித் தொங்கவிட்டுரணும். பூட்டுக் கெடையாது, கேள்வி கெடையாது. நான் பாத்ததுல அவ்வளவு நல்ல ஏற்பாட்டை எந்த ஊர்லயும் பாத்ததில்ல. ஆனா அது முழுக்க ஒரே ஒரு விசயத்துல நின்னுச்சு. எல்லா வண்டிக்கும் ஒரே அளவு.

அங்கதான் ராசாங்கம் நாலாவதா ஒண்ணைக் கொண்டு போயி மாட்டுனாரு. சும்மா மாட்டல. மாலை போட்டு, சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாருக்கும் கேசரி குடுத்து மாட்டுனாரு. டயரைச் சுத்தி வெள்ளைப் பெயிண்டுல கொட்டை எழுத்துல எழுதியாச்சு: "உபயம்: ஸ்டாண்டு தலைவர் ராசாங்கம்". கோயில்ல டியூப்லைட்டு மேல உபயம் எழுதி வெளிச்சத்தை மறைப்பாங்கள்ல, அதே சோலிதான். அளவு நம்பர் இருந்த இடத்துல, சரியா அது மேலயே, "தலைவர்"ங்கிற எழுத்து.

நான் ஒரு காதுகுத்துக்குப் பண்ணைக்காடு போகையில டீ குடிக்க எறங்கித்தான் அதைப் பாத்தேன். மத்த மூணோட ஒசரத்தைப் பாத்தாலே இது பெருசுன்னு தெரியுது. அங்க நின்ன ரெண்டு டிரைவர்கிட்டச் சொன்னேன்.

"தம்பி, இது உங்க வண்டிக்கு ஆகாது. கழட்டிருங்க."

"உபயத்தை எப்படிக்கா எடுக்குறது? தலைவரு மனசு சங்கடப்படும்ல."

"வண்டி கவுந்தா சங்கடப்படாதா?"

சிரிச்சாங்க. அங்க நின்னுக்கிட்டே ராசாங்கத்துக்குப் போன் போட்டேன். "போல்ட்டு உக்காருதுல்ல தாயி, அப்புறம் என்ன?"ன்னு வச்சுட்டாரு. முதலாளிகிட்டச் சொன்னா, "நமக்கெதுக்கு அந்தச் சோலி, வந்த ரிம்முக்குப் பேலன்ஸிங் வெயிட்டு அடி"ன்னாரு. அத்தனை பேருக்கும் ஒரே பதில்தான், வேற வேற வார்த்தையில.

4. கரகரன்னு ஒரு சத்தம்

இப்ப செபஸ்தி கொண்டாந்த டயருக்கு வர்றேன். திருப்பிப் பாத்தேன். வெளிப்பக்கம் உபயம். உள்பக்க ஓரத்துல வட்டமா ஒரு தேய்ப்பு, ரப்பர் பளபளன்னு. ஒரு இடத்துல நீளமா கிழிஞ்சு கம்பி வெளிய தெரியுது. கல்லு குத்துனா இப்படி வட்டமாத் தேயாது. திரும்பத் திரும்ப ஏதோ ஒண்ணு மேல உரசி உரசிக் கிழிஞ்சிருக்கு.

"எங்கலே ஆச்சு? ஒண்ணு விடாமச் சொல்லு"ன்னேன்.

போன சந்தையன்னிக்கு ஆளுகளை ஏத்திக்கிட்டு வெள்ளனே எறங்கியிருக்கான். எட்டுப் பேரு, மேல வாழைத்தாரு. அதுக்கு முதல் நாளே அவன் ஸ்டெப்னி பஞ்சர் போட எங்க கடையில கெடந்துச்சு. மேட்டுக்கடைக்கு மேல முன்சக்கரம் பஞ்சர். மெல்ல உருட்டி வந்து பாத்தா, மூணு ஸ்டெப்னியையும் வேற வண்டிக எடுத்துட்டுப் போயிருக்கு. தொங்குனது உபயம் மட்டுந்தான். சந்தைக்கு நேரமாச்சுன்னு எல்லாரும் அவசரப்படுத்தவும் அதை மாட்டிட்டான்.

"போல்ட்டு நல்லா உக்காந்துச்சுக்கா. முதல் வளைவுலயே கரகரன்னு சத்தம். எறங்கிப் பாத்தேன். ஒண்ணுமே தெரியல. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விரல் நுழையுது."

எப்படித் தெரியும்? வண்டியை ஓரமா நேரா நிறுத்திட்டுத்தானே எறங்குவான்? சக்கரம் நேரா நிக்கையில இடம் இருக்கத்தான் செய்யும். ஒடிச்சாத்தான் தட்டும். மூணாவது வளைவுல டயர் கிழிஞ்சு, ஸ்டியரிங்கு கையை விட்டுப் புடுங்கிக்கிட்டுப் போயி, மலைப்பக்கப் பாறையில மோதியிருக்கு. மலைப்பக்கம். அடுத்த பக்கம் இழுத்திருந்தா நான் இதை எழுத மாட்டேன், அவனும் டயரைத் தூக்கிக்கிட்டு வந்திருக்க மாட்டான். மரகதம்னு காப்பிப்பழம் பறிக்கிற அம்மா ஒருத்திக்கு மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு. மத்தவங்களுக்குச் சிராய்ப்பு.

ஸ்டாண்டுல கூட்டம் போட்டாங்க. தலைவரு எந்திரிச்சு, "வளைவுல வெரட்டியிருப்பான், இல்லாட்டி குடிச்சிருப்பான்"னுட்டாரு. அவ்வளவுதான், தீர்ப்பு முடிஞ்சுபோச்சு. மறுபடி சாயங்காலம் கூடுவாங்களாம், அவன் வந்து மன்னிப்புக் கேக்கணுமாம், அதுக்கப்புறம் வரிசையைப் பத்தி யோசிப்பாங்களாம்.

யாரு யாருகிட்டய்யா மன்னிப்புக் கேக்குறது?

தின்னர் டப்பாவையும் ஒரு பழந்துணியையும் பையில போட்டேன். "எங்க போற?"ன்னு முதலாளி கேட்டாரு. "சோலிக்கு"ன்னேன். செபஸ்தியும் டயரும் நானும் பஸ் ஏறிட்டோம்.

5. எல்லாரும் ஏறுங்க

நாங்க போய்ச் சேரையில கூட்டம் கூடியிருச்சு. மரகதம்மாவும் வந்திருந்துச்சு, கையில மாவுக்கட்டோட. அவங்க குடும்பம் சிலோன் தோட்டத்துல இருந்து வந்து இங்க குடியேறுனது. அந்தம்மாவை யாரும் கூப்பிடல, தானா வந்து ஓரமா நின்னுச்சு.

நான் டயரை நடுவுல போட்டு, "தலைவர்"ங்கிற எழுத்து மேல தின்னரை ஊத்தித் துடைச்சேன். அடியில இருந்து 235 வெளிய வந்துச்சு.

"உங்க எல்லார் வண்டியிலயும் என்ன டயர்? போயி அவங்கவங்க வண்டியில பாத்துட்டு வாங்க"ன்னேன். ரெண்டு மூணு பேரு நிசமாவே போயிக் குனிஞ்சு பாத்தாங்க.

ராசாங்கம் கொதிச்சாரு. "நல்ல மனசோட குடுத்ததுல குத்தம் கண்டுபிடிக்க வந்துட்டா! பெருசாத்தானே குடுத்தேன், சின்னதாவா குடுத்தேன்? என் வண்டியில இதே டயர்தான் ஓடுது. உரசுதா?"

"சரிங்க. அப்ப உங்க வண்டி முன்சக்கரத்தைக் கழட்டி இவங்க வண்டி ஒண்ணுல மாட்டிப் பாத்துருவோமா?"

"தாராளமா மாட்டு! என்ன பயமா எனக்கு?"

மாட்டுனாங்க. நாலு பேரு சுத்தி நின்னு பாத்தாங்க. போல்ட்டு அழகா உக்காந்துச்சு. ராசாங்கம் கையைத் தட்டிச் சிரிச்சாரு.

"பாத்தியாம்மா? உக்காந்துருச்சுல்ல?"

"உக்காந்துருச்சு. இப்ப எல்லாரும் ஏறுங்க."

"எதுக்கு?"

"நீங்க மலையில வெறும் வண்டியா ஓட்டுறீங்க? ஏறுங்கன்னா ஏறுங்க."

எட்டு டிரைவருங்க ஏறுனாங்க. மேல கேரியர்ல வாழைத்தார் வச்சுக் கட்டுனோம். ஸ்பிரிங்கு அமுங்குச்சு. ஓட்டுறவனைப் பாத்து, கொண்டைஊசி வளைவுல ஒடிக்கிற மாதிரி முழுசா ஒடிச்சு மெல்ல நகத்தச் சொன்னேன்.

கரகரகரன்னு சத்தம் வந்துச்சு பாருங்க.

"இந்தச் சத்தந்தான்!" மரகதம்மா கத்திருச்சு. "இதே சத்தந்தான் அன்னிக்கும்! அந்தத் தம்பி எங்களோட கதைச்சுக்கிட்டு பைய்யத்தான் வந்திச்சு. சத்தம் கேட்டு எறங்கியும் பாத்திச்சு. குடிச்ச ஆளு எறங்கிப் பாக்குமா? பக்கத்துல உக்காந்து வந்தது நான். எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. கை ஒடிஞ்சவளக் கேக்காம நீங்களா என்ன முடிவு கட்டுறீங்க?"

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, கோபத்துல. அந்தம்மாவுக்கு ரெண்டு கையும் இருந்தாத்தான் பழம் பறிக்க முடியும்.

ராசாங்கம் தொண்டையைக் கனைச்சாரு. "நல்லது செய்யப் போனாப் பொல்லாப்புத்தான். நான் உபயமாக் குடுத்தது..."

"எதுங்க உபயம்?" நான் விடல. "உங்க வண்டிக்கு அடியில ஏறல. வீட்டுல இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. அதைக் கொண்டாந்து மாலை போட்டு இவங்க தலையில கட்டிட்டு, பேரும் எழுதிக்கிட்டீங்க. அளவு தெரியாம இவன் மாட்டுனான். அளவைத் தெரியவிடாம மறைச்சது யாரு? போன்ல சொன்னேனா இல்லையா?"

வண்டியில இருந்து எறங்குன டிரைவருங்க ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டாங்க. அன்னிக்கு மேட்டுக்கடையில என்னைப் பாத்துச் சிரிச்சவனும் அதுல இருந்தான். அவன்தான் தன் வண்டியில ஏறி, பின்னால எடுத்து, வரிசையில ஒரு வண்டி நிக்கிற அளவுக்கு இடம் விட்டு நிறுத்துனான். சன்னல் வழியா எட்டிப் பாத்துச் சொன்னான்:

"ஏலே செபஸ்தி, மட்கார்டைத் தட்டி எடுத்துட்டு வெரசா வந்து நில்லுலே. நீ வர்ற வரைக்கும் இந்த எடம் அப்படியே கெடக்கும்."

தீர்மானம்னு யாரும் வாய் தொறந்து சொல்லல. அதுதான் தீர்மானம். செபஸ்தி ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டு அங்கேயே குத்தவச்சுட்டான்.

6. கத்துக்கிட்டது

ராசாங்கம் அன்னிக்குச் செபஸ்திகிட்ட மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கேக்கல. இன்னை வரைக்கும் கேக்கல. மரகதம்மா வீட்டுப்பக்கமும் எட்டிப் பாக்கல. கொஞ்ச நாள் கழிச்சு எங்க கடைக்கு வந்து, "அந்த 215 என்ன வெலைம்மா?"ன்னு கேட்டாரு. டூரிஸ்ட் ஆளு ஒருத்தன் வளைவுல வண்டி ஆடுதுன்னு பாதி வழியில எறங்கிட்டானாம். அதுக்குத்தான் மாத்துறாரு. அதோட, "பழகுன ஆளு, வெலையைப் பாத்துப் போடு"ன்னாரு. எனக்கு வந்துச்சே ஒரு வெறி. அஞ்சு டயரையும் சரியா மாட்டி, அலைன்மென்ட்டும் பாத்துத்தான் அனுப்புனேன். வண்டியில ஏறப்போறவங்க என்ன பாவம் பண்ணாங்க?

பிள்ளைகளா, நான் கத்துக்கிட்டது இதுதான். டயர் மாத்த வர்ற ஆளுகிட்ட முதல்ல, "ஸ்டெப்னி என்ன அளவு, எங்க இருந்து வந்துச்சு?"ன்னு கேளுங்க. நாலு டயரை எல்லாரும் பாத்துப் பாத்து வாங்குவாங்க. அஞ்சாவதுதான் ஆபத்துல மாட்டுறது, அதை ஒருத்தரும் பாக்குறதில்ல. கதவு ஓரத்து ஸ்டிக்கரைப் படிங்க. பாரத்தோட, முழு ஒடிப்புல பாருங்க. கேட்டவரு எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், ஆகாத அளவை எடுத்துக் குடுக்காதீங்க. முதலாளி திட்டுவாரு. திட்டட்டும்.

கிழிஞ்ச அந்த டயரைச் செபஸ்தி கேட்டு வாங்கிட்டுப் போனான். மேட்டுக்கடையில அதே ஆணியில தொங்குது. நான் துடைச்ச இடம் போக மிச்ச எழுத்து அப்படியேதான் இருக்கு. "உபயம்: ஸ்டாண்டு", அப்புறம் 235/75 R15, அப்புறம் "ராசாங்கம்". அதுக்கு மேல பெரிய பலகை ஒண்ணு வச்சிருக்காங்க, "இங்கே 215/75 R15 மட்டும்"னு. ஏறுறவங்க எறங்குறவங்க எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டே படிக்கிறாங்க.

போன மாசம் நான் அந்த வழியாப் போகையில ராசாங்கம் அங்க நின்னாரு, செபஸ்திகிட்டக் குரலை எறக்கிப் பேசிக்கிட்டு. "கிழிஞ்சதைப் போயி எதுக்குடா தொங்க விட்டுக்கிட்டு? கழட்டிப் போட்டுரேன்."

செபஸ்தி டீக் கிளாஸைக் கீழ வச்சான். ரொம்ப மரியாதையாத்தான் சொன்னான்.

"உபயத்தை எப்படிங்க தலைவரே எடுக்குறது?"